நஞ்சப்பனை விடாத கட்டில்

முழங்கையை ஊன்றி எழுந்துவிடலாம் என்று நஞ்சப்பன் இன்னொரு தரம் நினைத்தார். நினைப்புக்கென்ன, யார் வேண்டுமானாலும் நினைக்கலாம். ஊன்றியதுதான் தாமதம், முழங்கைக்கு அடியிலிருந்த கட்டில் கம்பிகளெல்லாம் பந்தியில் சம்பந்திக்கு இடம் விடுகிறவர்கள் மாதிரி மரியாதையாக நகர்ந்து, கடுகு பொரிகிற சத்தத்தில் சின்னச் சின்ன மோட்டார்கள் முனக, கீழே இறங்கிக்கொண்டன. முழங்கை போன வழியே தோளும் போயிற்று. தோள் போன பள்ளத்துக்கு ஈடாக முழங்காலுக்கு அடியில் ஒரு மேடு எழும்பிற்று. எல்லாம் அடங்கியபோது முன்னைவிட நாலு விரற்கடை ஆழத்தில் கிடந்தார். சொகுசாகக் கிடந்தார், வயிற்றெரிச்சலே அதுதான். இந்த வயதுக்கு அவர் உடம்பு இத்தனை சொகுசாக எதன்மேலும் கிடந்ததில்லை. கல்யாணத்துக்கு மாமனார் செய்துபோட்ட தேக்குக் கட்டிலில்கூட ஒரு பலகை எப்போதும் விலாவில் குத்தும். இப்போது எதுவும் குத்தவில்லை. வருஷக்கணக்காகக் கூடவே குடியிருந்த இடுப்புவலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தலை கீழே, முழங்கால் மேலே, நடுவில் தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி வயிறு. எலிப்பொறி செய்கிறவன் எவனும் உள்ளே மெத்தை விரித்துத் தலையணை போட்டு வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். மூக்கின் நுனி அரித்தது. கையை எடுத்துச் சொறியலாம், அதற்குத் தடையில்லை; ஆனால் கையை எடுத்தால் அதன் பாரம் மார்புக்கு வரும், மார்புக்கு அடியில் என்ன நடக்குமோ. "ஏனுங்க, எந்திரிச்சாச்சா?" என்று உள்ளறையிலிருந்து சாந்தாமணி கேட்டாள். "இதா, ஆச்சு அம்மிணி," என்றார் நஞ்சப்பன், கூரையைப் பார்த்தபடி. கூரை கொஞ்சம் தூரமாகப் போயிருந்த மாதிரி இருந்தது.

ஆகவில்லை. சாப்பாடு முடிந்து அவளை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, சோறு இறங்கட்டும், அதற்குள் ஹாலில் கிடக்கிற இந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து திருப்பிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். தரையில் ஜன்னல் வெயில் அப்போது டைனிங் மேஜையின் காலடியில் இருந்தது. இப்போது மேஜையைத் தாண்டிக் குளிர்சாதனப் பெட்டியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. போன மழைக்காலத்தில் வாதம் வந்து சாந்தாமணியின் இடது பக்கம் பூராவும் பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து அவளுக்குத் திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டும். கொஞ்சம் குழறுகிற நாக்குதான், ஆனால் அதன் காரம் துளியும் குறையவில்லை. காலையில் சம்பள ஆள் எஸ்தர் வந்து குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போவாள், பொழுது சாய்கிறபோது மறுபடி வருவாள், சாவி அவளிடம் ஒன்று இருக்கிறது. நடுவில் எல்லாம் நஞ்சப்பன்தான். திருப்பிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும், முட்டு இல்லையென்றால் உருண்டு மறுபடி மல்லாந்துவிடுவாள். மல்லாந்து கிடக்கத்தான் கூடாது. முதுகுத்தண்டின் அடியில், பழைய எட்டணாக் காசு அகலத்துக்கு, ஒரு சிவப்பு விழுந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும் என்றார் டாக்டர். போன வாரம் வெளுத்தது. முந்தாநாள் வெளுக்கவில்லை. "தோல் விட்டுப்போச்சுன்னா சர்க்கரை உள்ளவங்களுக்கு ஆறாதுங்க சார். போன மாசம் ஒருத்தர்..." என்று டாக்டர் ஆரம்பித்து, சாந்தாமணி கண்ணைத் திறந்து பார்ப்பதைப் பார்த்து, இருமி, மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார். போன மாசம் ஒருத்தர். என்ன ஆனார் அந்த ஒருத்தர்? ஆணா பெண்ணா என்றுகூட சொல்லவில்லை. நஞ்சப்பன் அந்த ஆளைத் தினமும் நினைக்கிறார், முகம் தெரியாத அந்த ஒருத்தர் நினைப்பில் மல்லாந்துதான் கிடக்கிறார், யாரும் வந்து திருப்புவதில்லை. வெயில் குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டுவிட்டது. இந்நேரம் அந்த எட்டணாவின் மேல் அவள் முழு உடம்பும் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. போன மாசம் ஒருத்தர்.

மற்றவர்களெல்லாம் மெத்தை வாங்கினார்கள். காற்று மெத்தை, தண்ணீர் மெத்தை, கடையில் கிடைக்கிறது. நஞ்சப்பனால் முடியவில்லை. பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்திய மனுஷன், அதில் பாதி வருஷம் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்: கம்பிகளை வலையாகப் பின்னி, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மோட்டாரை வைத்து, தேவைக்குத் தகுந்தபடி தன் உருவத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு சட்டம். அதை முதலில் விமான இறக்கைக்கென்றுதான் யோசித்தார். பருந்து காற்றுக்குத் தகுந்த மாதிரி இறக்கையை முறுக்கிக்கொள்வதில்லையா, அப்படி. படம் போட்டார், கட்டுரை எழுதினார், வெளியூர்க் கூட்டங்களில் வாசித்தார், டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தேங்காய் பர்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பருந்து பறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பருந்தைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். கணக்கு என்னமோ ஒன்றுதான். டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறுகிறபோது என்ன நடக்கிறது? கண்டக்டர் ஒரு தள்ளுத் தள்ளுகிறார், ஒவ்வொருவரும் இத்தனூண்டு நகர்ந்து பார்க்கிறார்கள், தேவலையாக இருந்தால் அங்கேயே நிற்கிறார்கள், மோசமாக இருந்தால் பழைய இடத்துக்கே வருகிறார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து உக்கடம் போய்ச் சேருவதற்குள் ஒரு பஸ் ஆள் எப்படியோ அதில் அடங்கிவிடுகிறது, யார் திட்டம் போட்டது என்று யாருக்கும் தெரியாது. கட்டிலின் கம்பிகளும் அப்படித்தான். எந்த இடத்தில் பாரம் அதிகம் அழுத்துகிறது என்று மெத்தைக்கு அடியில் பொத்தான் பொத்தானாக வைத்த சென்சார்கள் சொல்லும். கம்பிகள் ஆளுக்குக் கொஞ்சம் அசைந்து பார்க்கும். அழுத்தம் குறைந்தால் வைத்துக்கொள்ளும், கூடினால் திரும்பிவிடும். சாந்தாமணியிடம் விளக்கியபோது, "அட, கொழம்புக்கு உப்புப் பாத்துப் போடற மாதிரின்னு சொல்லுங்களே, இதுக்கா இத்தன பேப்பரு?" என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டெல்லிக்காரருக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

முதல் தடவை சோதனைக்கு ஒரு மணல் மூட்டையைப் படுக்கவைத்துவிட்டு ராத்திரி தூங்கப் போனார். காலையில் பார்த்தால் மூட்டை தரையில் கிடக்கிறது. பூனை தள்ளியிருக்கும் என்று மறுபடி தூக்கிப் போட்டார். அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறபோதே அவர் கண்ணெதிரே கட்டில் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகை ஒரு உலுக்கு உலுக்கி, சலித்துப்போன எருமை ஈயை விரட்டுகிற மாதிரி மூட்டையைத் தூக்கி எறிந்தது. எறிந்த கையோடு கம்ப்யூட்டரில் அழுத்தத்தின் மதிப்பெண் சுழியத்துக்கு இறங்கிற்று, சுழியம் என்றால் நூற்றுக்கு நூறு. அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வியர்த்தது. கேட்டதென்ன, எங்குமே அழுத்தம் இருக்கக் கூடாது என்றுதானே? ஆளே இல்லையென்றால் அழுத்தமேது. பிசகு கட்டிலுடையதல்ல. ஆகவே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: படுத்தவர் கட்டிலின் மேலேயே இருக்க வேண்டும், ஓரத்துக்கு நகர்ந்தால் அந்த ஓரம் உயர்ந்து உள்ளே தள்ள வேண்டும். அன்று முதல் மூட்டைகள் நிம்மதியாகத் தூங்கின. கடைசி மூட்டை குறட்டை விடாத குறைதான். ஒரு மாசம் சோதித்து, கறுப்பு மையில் தேதி போட்டு, அவள் உடம்பின் பாரம் எங்கெங்கே எவ்வளவு என்று அளந்து அதே மாதிரி மணலைப் பங்குபோட்டுக் கட்டி, எல்லாம் சரியென்று சந்தோஷமாகச் சொன்னபோது சாந்தாமணி உதட்டின் ஒரு பக்கத்தால் சொன்னாள்: "மூட்டைக்கு நல்லாருக்குது, செரி. மொதல்ல நீங்க ஏறிப் படுங்க. மனுசன் படுத்து எந்திரிச்சதைப் பாத்துட்டுப் பொறவு என்னையப் போடுங்க." சரி அம்மிணி என்றார். ஏறிப் படுத்தார். படுத்தாயிற்று. எந்த மணல் மூட்டையாவது எழுந்திருக்க முயற்சி செய்ததா? ஒன்று, ஒரே ஒரு மூட்டை? எழுந்திருக்கிற மனுஷனுக்கு ஊன்றிக்கொள்ள ஒரு இடம் வேண்டும், எதிர்த்து நிற்கிற ஓர் இடம், அங்கே அழுத்தம் கூடத்தான் செய்யும். கூடுகிற இடத்தையெல்லாம் தேடிப்பிடித்துத் தளர்த்துவதற்காகத்தானே இத்தனை மோட்டாரும். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் நஞ்சப்பா, விசையும் எதிர்விசையும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டுக் காட்டினாயே. சாக்பீஸ் தூள் மணம் எங்கிருந்தோ மூக்கில் ஏறிற்று. மூக்கு இன்னும் அரித்தது.

"ஏனுங்க." "சொல்லு அம்மிணி." "வந்துட்டே இருக்கறீங்களா?" "வந்துட்டே இருக்கறேன்." "இந்த ஊட்டுல அந்த ரூமுலிருந்து இந்த ரூமுக்கு வரத்துக்கு பஸ்ஸு மாறோணுமாக்கும்?" நஞ்சப்பன் இடது பக்கம் உருளலாம் என்று பார்த்தார். இடது ஓரம் விழித்துக்கொண்டது. எழுந்து நின்று, கோயில் யானை தும்பிக்கையால் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி நெஞ்சில் மெத்தென்று ஒரு தள்ளு. வலது பக்கம் உருண்டார், அங்கேயும் ஒரு யானை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்து பார்த்தார், ஏமாந்து விடுமோ என்று. அது ஏமாறவில்லை, மூச்சு விட்டதற்கும் சேர்த்து இறங்கிற்று. தலை தாழ்ந்திருந்ததால் மேஜையின் மேலிருந்த லேப்டாப் தலைகீழாகத் தெரிந்தது. அதில் அழுத்தத்தின் கோடு இறங்கிக்கொண்டே போகிறது, தலைகீழாகப் பார்க்கிறபோது ஏறிக்கொண்டே போகிறது. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியிருப்பார். நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் சுவரில் இருக்கிறது, கட்டிலில் வைத்தால் அவள் கை தெரியாமல் பட்டுவிடும் என்று யோசித்து யோசித்து அங்கே வைத்தார். யோசனை. பெரிய யோசனை. மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடுமே என்று தோன்றிய அதே நிமிஷம், வேண்டுதல் பலித்த மாதிரி, மின்விசிறி சுழற்சி குறைந்து நின்றது. தெருவே கப்சிப்பென்று அடங்கியது. நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு கம்பிகள் அசையாமல் நிற்பதற்காகக் காத்திருந்தார். பொரிகிற சத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்கென்றே தனியாக ஒரு இன்வெர்ட்டர், ரெண்டு பாட்டரி, அவரே வாங்கி அவரே ஒயர் இழுத்தது. நடு ராத்திரியில் கரண்ட் போனாலும் அவள் முதுகு நோகக் கூடாதே. மின்விசிறிக்கு அந்த இன்வெர்ட்டரில் இணைப்புக் கொடுக்கவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கிக் காதுக்குள் போயிற்று. போன மாசம் ஒருத்தர்.

செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகன், சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் கூப்பிடுவான். மேஜையில் விழுந்து துடிக்கிற மீன் மாதிரி போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்தை நோக்கி நகர்ந்தது. நஞ்சப்பன் கையை நீட்டினார், விரல் நுனிக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு சாண். ஒரு சாண்தான். தோளை எக்கினார், தோளுக்கடியில் தரை போயிற்று, சாண் முழமாயிற்று. அடித்து ஓய்ந்தது. அப்பாவும் அம்மாவும் கண் அசந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான், நல்ல பையன், தொந்தரவு செய்யமாட்டான். கொஞ்சம் கெட்ட பையனாக வளர்த்திருக்கலாம். "போனு அடிச்சுதே?" "ஆமா." "எடுக்கலியா?" "இல்ல." அப்புறம் அவள், ரொம்ப நிதானமாக: "ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. மாட்டிக்கிட்டீங்களா?" அவர் கூரையைப் பார்த்தார். அங்கே ஈரம் கோத்த கறை ஒன்று இலங்கை மாதிரி இருந்தது. "ஆமா அம்மிணி," என்றார். உள்ளறையில் விக்கல் போல ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு அடுக்கடுக்காக. அழுகிறாள் என்று நினைத்தார். அழவில்லை, சிரிக்கிறாள். பாதி வாயால் சிரிக்கிறபோது அப்படித்தான் கேட்கும், அவர் அந்தச் சத்தத்தை இத்தனை மாசத்தில் இப்போதுதான் கேட்கிறார். "என்னைய எந்திரிக்க வெக்கறேன்னு போயி, நீங்களும் படுத்துட்டீங்களாக்கும்! இனி எஸ்தருக்கு ரெண்டு பேர் சம்பளம் குடுக்கோணும்." "சிரிக்காதே, ஆடினா புண்ணு உரசும்." "உரசட்டும். சிரிச்சு எத்தன நாளாச்சு." தெருவில் பழைய இரும்பு வாங்குகிற வண்டி வந்தது, ஒலிபெருக்கியில் பதிந்து வைத்த குரல், பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய பேட்டரி. அவள் உடனே, "கூப்பிடுங்க, கூப்பிடுங்க, உள்ள வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போகட்டும், உங்களையும் சேத்து!" என்றாள். இரண்டு பேருமாகக் கத்தினார்கள். ஏனுங்க, அண்ணா, வண்டிக்காரரே, சாமி, கொஞ்சம் நில்லுங்க. ஒலிபெருக்கிக் குரல் அவர்களைவிட நன்றாகச் சாப்பிட்ட குரல். வண்டி நிதானமாக வாசலைக் கடந்து, முக்குத் திரும்பி, பழைய இரும்பு பழைய இரும்பு என்று தேய்ந்து போயிற்று.

அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது. பயந்தாலும் வருமோ? வந்தது. உடம்பில் ஓரிடத்திலும் உறுத்தல் இல்லாதபோது உடம்பு இருப்பதே மறந்துபோகிறது, மிதக்கிற மாதிரி, பருந்து, இறக்கையை முறுக்காமலேயே மேலே மேலே, கீழே வடவள்ளி, வீடு, வீட்டுக்குள் ஒரு அறையில் ஒரு எட்டணா. விழித்துக்கொண்டார். கூடாது. தூங்கினால் அவள் தனியாகக் கிடப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டார். கட்டிலால் அங்கேயெல்லாம் வந்து தளர்த்த முடியாது என்பதில் ஒரு அற்ப சந்தோஷம். இதென்ன பேயா, தள்ளுகிற பக்கமெல்லாம் இடம் விடுகிற பேய், திட்டினாலும் இடம் விடும், குத்தினாலும் இடம் விடும், சரி அம்மிணி, சரி அம்மிணி என்று. நினைப்பு அந்த இடத்தில் துணி ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. வீடு கட்டி வெள்ளையடித்த சமயம் ஹாலுக்கு என்ன நிறம் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றார். பச்சை என்றாள், சரி என்றார். நீலம் என்றாள், அதற்கும் சரி. கறுப்புப் பூசலாமா என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, பூசலாமே என்றார். தூரிகையை விட்டெறிந்துவிட்டுப் போனாள். "சொவத்துகிட்டப் பேசுனாலும் எதிரொலி வரும்," என்றாள். அவருக்கு அப்போது புரியவில்லை, விட்டுக்கொடுக்கிற புருஷன் கிடைத்தால் கசக்குமா என்று நினைத்தார், அக்கம்பக்கத்தில் அப்படித்தான் பேர். ஹாலுக்குக் கடைசியில் பெயின்ட்காரர்தான் நிறம் தேர்ந்தெடுத்தார். அந்தச் சுவரைத்தான் இப்போது தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாணமும் இல்லை, சந்தனமும் இல்லை, ஒரு மாதிரியான நிறம். வாதம் வந்தபிறகு இன்னும் மோசம், அவள் தட்டைத் தள்ளினால் சரி, மாத்திரையைத் துப்பினால் சரி, நோயாளியோடு என்ன சண்டை. அவள் சண்டைக்கு அலைந்தாளோ? இப்படியா, தண்ணீருக்கு அலைகிற மாதிரியா? வெயில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் பாதிக்கு ஏறியிருந்தது. உள்ளறையில் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. "அம்மிணி?" இன்னும் உரக்கக் கேட்டார்: "அம்மிணி, வலிக்குதா?" "வலிச்சாப் பரவால்லீங்க," என்றாள் சாந்தாமணி. "கொஞ்ச நேரமா அந்த எடத்துல ஒண்ணுமே தெரியலீங்க."

அவர் உடம்பு அவரைக் கேட்காமல் துள்ளியது. கை, கால், தலை எல்லாம் ஒரே சமயத்தில் நாலு பக்கமும் உதைத்தன, தூண்டிலில் மாட்டின கெளுத்தி மாதிரி; கட்டில் ஒவ்வொரு உதையையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது, பொறுமையாக, ஒன்றையும் திருப்பிக் கொடுக்காமல். எஸ்தர் வர இன்னும் எவ்வளவு நேரம், வெயில் பெட்டியைத் தாண்டி, அலமாரியைத் தாண்டி, சுவரில் ஏறி மங்கி. அத்தனை நேரம் தாங்குமா தோல்? தாங்காது. போன மாசம் ஒருத்தர், போன மாசம் ஒருத்தர். உள்ளறையில் இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. "என்ன பண்றே?" மறுபடி கிறீச், மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம், வளையல் எதன்மேலோ மோதுகிற சத்தம். "அம்மிணி! என்ன பண்றேன்னு கேக்கறேன்!" "பேசாம இருங்க... சொவத்துப் பக்கம்... ஜன்னல் கம்பி..." அவருக்கு மனக்கண்ணில் தெரிந்தது, வேறு எதற்கும் உதவாத அந்தக் கண்ணில் துல்லியமாகத் தெரிந்தது: சொன்னபடி கேட்கிற வலது கையை மார்புக்குக் குறுக்கே போட்டு இடப்பக்கச் சுவரிலிருக்கிற ஜன்னலை எட்டுகிறாள், கம்பி விரலில் படுகிறது, படவில்லை, படுகிறது. விரல் மடங்க வேண்டும். மடங்கியபின் ஒரு ஆளின் பாரத்தை, தன் பாரத்தை, அந்த ஒற்றைக் கை இழுக்க வேண்டும். எஸ்தர்கூட ரெண்டு கையாலும் பிடித்து ஒன்று ரெண்டு மூணு சொல்லித்தான் திருப்புவாள். அம்மா என்று ஒரு முனகல். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. விழுந்துவிட்டாளோ? சுவர்ப் பக்கம் விழ முடியாது. மறுபடி மல்லாந்துவிட்டாளோ? மயங்கிவிட்டாளோ? அவர் கத்தினார், என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. கட்டில் பொரிந்தது. ரொம்ப நேரம் கழித்து, சுவரில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி மூடுண்ட ஒரு குரல் வந்தது: "கத்தாதீங்க. திரும்பிட்டேன்."

திரும்பிவிட்டாள். நஞ்சப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, தலை தாழ்ந்திருந்ததால் நெற்றிப் பக்கமாக ஓடிற்று. திரும்பிவிட்டாள், புண்ணுக்குக் காற்றுப் படும், ரத்தம் ஓடும், போதும். போதுமா? முட்டுக் கொடுக்கத் தலையணை? தலையணையை யார் வைப்பார்கள்? கம்பியை விட்டால் அடுத்த நொடி மல்லாந்துவிடுவாள், இழுபட்டுப் புரண்டால் அந்தத் தோல் இருந்த இடத்தில் இருக்காது. அவளை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது ஐந்து விரல். "விட்டுறாதே," என்றார். "தெரியுமுங்க," என்றாள். வெயில் நகர்கிறதா இல்லையா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தால் நகரவே நகராது, சனியன். "ஏனுங்க." "சொல்லு." "கை வழுக்குது. வேர்க்குது." "வேண்டாம் சாமி, கொஞ்சம் பொறு, எஸ்தர் இப்ப வந்துருவா." "எங்க வாரா. பேசுங்க ஏதாச்சும். கண்ணு சொருகுது." என்ன பேசுவது? இத்தனை வருஷத்தில் அவளிடம் பேசியதெல்லாம் என்ன, ஒரே வார்த்தைதானே. "அம்மிணி, உனக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா..." "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க, தாலாட்டுப் பாடறாப்புல இருக்குது." சுவரோடு மூச்சு உரசுகிற சத்தம். குரல் தளர்ந்துகொண்டே வந்தது. "உங்கக்கா இங்க வந்து தொணையா இருக்கறேன்னாங்களாமே. வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. அவுங்க வந்து என் சீலையை மாத்தி உடற நெலமை எனக்கு வேண்டாம்." சரி அம்மிணி. நாக்கு நுனியில் வந்து நின்றது, வழக்கமான இடத்தில், பழகின நாயைப் போல. அவர் வாயைத் திறந்தார். "முடியாது," என்றார்.

"என்ன சொன்னீங்க?" "முடியாதுன்னேன். அக்கா வரட்டும். அவ இருந்திருந்தா இன்னைக்கு இப்படி ரெண்டு பேரும் ரெண்டு ரூமுல கெடந்து சாக வேண்டியதில்ல." "ஓஹோ." ஜன்னல் கம்பி லேசாக முனகியது. "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் வாய் வந்துச்சாக்கும்? அவுங்க வந்தா நாள் பூராவும் என்னையப் பாத்து உச்சுக் கொட்டீட்டே இருப்பாங்க. எனக்கு வேண்டாம்." "உச்சுக் கொட்டுனாக் கொட்டட்டும், ஒரு ஆளு வேணும். நாளைக்கே கூப்பிடப்போறேன்." "கூப்பிட்டுப் பாருங்க!" "கூப்பிடத்தான் போறேன்!" அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது, வகுப்பில்கூட இப்படி எழுந்ததில்லை, தொண்டை காந்தியது. "அவுங்க இந்த ஊட்டுப் படி ஏறறதுக்கு முந்தி நான் செத்துப்போறனுங்க." "சாகறவ எதுக்குக் கம்பியைப் புடிச்சுத் தொங்கறே? உடு பாக்கலாம்!" சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொல்லிவிட்டோம் என்று. கண்ணை இறுக்கிக்கொண்டு, இரும்புக் கட்டிலின் அந்தக் கடைசிக் கிறீச்சுக்காகக் காத்துக்கிடந்தார். அவர் பல்லைக் கடித்ததற்கும் சேர்த்துக் கட்டில் ஒரு விரல் இறங்கிற்று. "நீங்க சொன்னா உட்டுருவனா?" என்று சுவரிலிருந்து வந்தது, மூச்சிரைக்க, பழைய காரத்தோடு. "உட மாட்டேன்! உங்கக்கா வந்தா ராத்திரிக்கு அவுங்க எங்க படுப்பாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல!" "ஹால்ல படுப்பா!" "ஹால்லயா? எந்த எடத்துல?" "எந்த எடத்துலயோ படுப்பா, உனக்கென்ன!" "எனக்கென்னவா? இது என் ஊடு!" கம்பி மறுபடி முனகியது, இந்தத் தரம் பலமாக, இழுத்துப் பிடிக்கிற முனகல். நஞ்சப்பன் அடுத்த எதிர்ப்பேச்சுக்கு மூச்சை இழுத்துக்கொண்டார். வெயில் இன்னும் அலமாரிக்கு வரவில்லை.